ஒலியின் நிறம்: ஈனோ உடன்பிறந்தாரின் சூழலிசைத் தொகுப்பும் தமிழ் வகுப்பறையும்



மொழியைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டவன், ஒரு சொல்கூட இடம்பெறாத இசைத் தொகுப்பு ஒன்றைப் பொருளாக எடுத்துக்கொண்டது ஏன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசப்படும் மொழியில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, எழுத்தில் எழுதிக்காட்டக்கூடிய ஒலி. மற்றொன்று, எழுத்தில் அடங்காத ஒலித்தன்மை. அதாவது, பேசுகிறவரின் குரல். இவ்விரண்டும் எப்போதும் கலந்தே வருவதால் வகுப்பறையில் நாம் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்க்காததால், திருத்த வேண்டியதைச் சில வேளைகளில் விட்டுவிடுகிறோம். திருத்தக் கூடாததைத் திருத்தப் புகுகிறோம். இங்கிலாந்தைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர், இவ்விரண்டு கூறுகளையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு ஓர் இசைத் தொகுப்பை உருவாக்கினர். ஒருவர் எழுதிக்காட்டக்கூடியதைத் தந்தார்; மற்றவர் எழுத்தில் அடங்காததைத் தந்தார். நாம் காணத் தவறும் வேறுபாடு அங்கே தெளிவாகத் தெரிகிறது. அதனால்தான் அதனை இந்த அவைக்குக் கொண்டுவந்தேன்.

1. அண்ணனும் தம்பியும்

அத்தொகுப்பின் பெயர் 'மிக்சிங் கலர்ஸ்'. 'நிறங்களைக் கலத்தல்' என்று தமிழில் சொல்லலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், டாய்ச்ச கிராமஃபோன் என்னும் புகழ்பெற்ற ஜெர்மானிய நிறுவனம் அதனை வெளியிட்டது. அதில் 18 இசைத் துண்டுகள் உள்ளன. ஆக்கியோர் பிரையன் ஈனோ, அவர் தம்பி ரோஜர் ஈனோ ஆகிய இருவர்.

பிரையன் 1948இல் பிறந்தவர். ரோஜர் 1959இல் பிறந்தவர். இருவருக்கும் இடையே 11 ஆண்டுகள். சொந்த ஊர் கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்திலுள்ள உட்பிரிட்ஜ் என்னும் சிற்றூர். தந்தையார் அஞ்சல்காரர், தாயார் பெல்ஜிய நாட்டவர். அண்ணன் ஓவியக் கல்லூரியில் பயின்றவர். முறையான இசைப் பயிற்சி இல்லாதவர். இசைக் குறியீடுகளைப் படித்து வாசிக்கும் வழக்கமும் இல்லாதவர். தம்பியோ கோல்செஸ்டர் நகரின் இசைப் பள்ளியில் முறையாகப் பயின்றவர், விசைப்பலகையில் கைதேர்ந்தவர்.

இசைக்கருவி எதிலும் தேர்ச்சி பெறாத அண்ணன் எப்படி இசையுலகில் இடம்பெற்றார்? 1970களின் தொடக்கத்தில் 'ராக்ஸி மியூசிக்' என்னும் குழுவில் மின்னணு ஒலியாக்கியை இயக்குபவராக அவர் அறிமுகமானார். பிறர் வாசிக்கும் ஒலியை வாங்கி, அதன் தன்மையை மாற்றித் தருவதே அவருடைய பணியின் பெரும்பகுதியாக இருந்தது. பின்னர் அவர் பலரோடு இணைந்து செய்த தொகுப்புகள் எல்லாவற்றிலும் இந்தப் போக்கைக் காணலாம். 1973இல் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்புடன் செய்த தொகுப்பில், ஒரு நாடாப் பதிவுக் கருவியிலிருந்து மற்றொன்றுக்கு நாடாவை ஓடவிட்டு, ஃப்ரிப் வாசித்த ஒலி சில நொடிகள் கழித்துத் திரும்ப வந்து புதிய ஒலியின்மேல் படியுமாறு செய்தார். 1980இல் பியானோ கலைஞர் ஹெரால்ட் பட் உடன் செய்த தொகுப்பில், பட் பியானோ வாசிக்க, அந்த ஒலி எந்த வெளியில் எப்படிப் பரவ வேண்டும் என்பதை ஈனோ வகுத்தார். 1983இல் தம்பி ரோஜரும், டேனியல் லன்வா என்னும் கனடிய ஒலிப்பதிவாளரும் அவருடன் சேர்ந்து, நிலவுப் பயணத்தைப் பற்றிய ஆவணப்படத்திற்காக 'அப்போலோ' என்னும் தொகுப்பை ஆக்கினர்.

ஆயினும் அண்ணனும் தம்பியும் மட்டுமே இணைந்து செய்த முதல் தொகுப்பு 2020இல் வந்ததுதான். அப்போது அண்ணனுக்கு 71 வயது. தம்பிக்கு 60 வயது. அதற்கான வேலையோ ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ரோஜர் தம் வீட்டில் விசைப்பலகையில் சிறு சிறு துண்டுகளை வாசித்துப் பதிவு செய்வார். அவற்றுள் அண்ணனுக்குப் பிடிக்கும் என்று தோன்றியவற்றை அனுப்பிவைப்பார். அண்ணன் அவற்றின் ஒலித்தன்மையை மாற்றிப் புதிதாக்குவார். ஒரு தொகுப்பாக வெளியிட வேண்டும் என்ற திட்டம் தொடக்கத்தில் இல்லை. இருவருக்கும் இடையே நடந்த நீண்ட உரையாடல் என்றே அதனைச் சொல்ல வேண்டும். அஞ்சல்காரரின் மக்கள் இருவர், பதினைந்து ஆண்டுகள் இசையால் மடல் எழுதிக்கொண்டனர் என்று சொன்னாலும் பொருந்தும்.

2. சூழலிசை என்னும் பெயர்

இவ்வகை இசையை ஆங்கிலத்தில் 'ஆம்பியன்ட்' இசை என்பர். இலத்தீன் மொழியில் 'சுற்றிச் செல்லுதல்' என்னும் பொருள்படும் வினையடியிலிருந்து வந்த சொல் அது. தமிழில் 'சூழலிசை' என்று வழங்கலாம். 'சூழ்' என்னும் நம் வேர்ச்சொல்லும் சுற்றி நிற்றலையே குறிப்பதால், மொழிபெயர்ப்பு இங்கே நேர்ப்பொருளாக அமைந்துவிடுகிறது.

இந்தப் பெயரை ஓர் இசை வகைக்கு நிலைநாட்டியவர் பிரையன் ஈனோவே. 1975இல் அவர் ஒரு விபத்தில் காயமுற்றுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒருவர், யாழ் போன்ற நரம்புக் கருவியாகிய ஹார்ப்பின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். தட்டைச் சுழலவிட்ட பிறகுதான் ஒலி மிகவும் தாழ்ந்திருப்பதும், ஒலிபெருக்கிகளுள் ஒன்று வேலை செய்யாததும் தெரிந்தன. எழுந்து சரிசெய்ய உடலில் வலுவில்லை. வெளியே மழை. மழையொலியும் இசையொலியும் ஒன்றோடொன்று கலந்து, இசை என்பது சூழலின் ஒரு பகுதியாகவும் இருக்கலாம் என்று அவருக்குப் புலப்பட்டது. அந்த எண்ணத்திலிருந்து, விமான நிலையங்களுக்கான இசை என்னும் பெயரில் 1978இல் அவருடைய புகழ்பெற்ற தொகுப்பு பிறந்தது.

கடைகளிலும் மின்தூக்கிகளிலும் ஒலிக்கும் பின்னணி இசையோடு இதனை ஒன்றாக எண்ணுவோர் உண்டு. இரண்டுக்கும் நோக்கமே வேறு. கடைப் பின்னணி இசை, தெரிந்த பாட்டின் மேடுபள்ளங்களைச் சமன்செய்து, கவனத்தை ஈர்க்காதபடி ஆக்குவது. சூழலிசையோ, கவனிக்காவிட்டால் அறையின் காற்றைப் போல் இருந்துவிடும். கவனித்தால் தன்னுள் புதுப்புது நுட்பங்களைக் காட்டும். கவனத்தின் எல்லாப் படிகளுக்கும் அது இடம் தருகிறது. 'மிக்சிங் கலர்ஸ்' தொகுப்பைக் கேட்பவர் இதை உணர்வார். தாளக்கருவி இல்லை, பாடுகுரல் இல்லை. ஒரு சுரம் எழுந்து, மெல்லத் தேய்ந்து, அதன் நிழல் மறையுமுன் அடுத்த சுரம் எழும். அவ்வளவுதான். இப்படிப் பண்ணும் தாளமும் குறைந்து நிற்பதாலேயே, செவி வேறொன்றைக் கவனிக்கத் தொடங்குகிறது. அந்த வேறொன்றே இன்றைய உரையின் பொருள்.

3. தம்பி அனுப்பியது என்ன?

ரோஜர் தம் அண்ணனுக்கு அனுப்பியது ஒலிப்பதிவு அன்று. 'மிடி' என்னும் குறிமுறையில் அமைந்த கோப்பு. 1983இல் நடைமுறைக்கு வந்த இக்குறிமுறை, மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொதுமொழி எனலாம். ஒரு மிடிக் கோப்பில் என்ன இருக்கும்? எந்த விசை அழுத்தப்பட்டது, எப்போது அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது ஆகிய செய்திகள் எண்களாக இருக்கும். ஒவ்வொரு விசைக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. விசைப்பலகையின் நடுவிலுள்ள சட்ஜமத்திற்கு ஒப்பான விசையின் எண் 60. அழுத்தத்தின் வேகமும் அதேபோல் 127 வரையிலான எண்ணால் குறிக்கப்படும். ஆனால் கேட்கக்கூடிய ஒலி எதுவும் அந்தக் கோப்பில் இல்லை. அதே கோப்பை ஒரு கருவியிடம் தந்தால் பியானோவாக ஒலிக்கும். மற்றொன்றிடம் தந்தால் புல்லாங்குழலாக ஒலிக்கும். இன்னொன்றிடம் தந்தால் உலகில் இதுவரை எந்தக் கருவியும் எழுப்பாத ஒலியாக வெளிப்படும்.

ஆசிரியப் பெருமக்களே, இதனை நாம் வேறு பெயரில் நன்கு அறிவோம். அதன் பெயர் எழுத்து. 'பகல்' என்று எழுதியிருக்கும் ஏட்டில் ஒலி இல்லை. எந்த ஒலியை எந்த வரிசையில் எழுப்ப வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. அதைப் படிப்பவர் ஆணா பெண்ணா, முதியவரா சிறுவரா, நெல்லைக்காரரா யாழ்ப்பாணத்தவரா, மகிழ்ச்சியில் படிக்கிறாரா துயரத்தில் படிக்கிறாரா என்பதை ஏடு அறியாது. இன்னும் நுணுகிப் பார்த்தால், 'கல்', 'தங்கம்', 'பகல்' ஆகிய மூன்றிலும் நாம் எழுதும் ககரம் ஒன்றே. ஒலிப்போ மூன்று விதம். சொல்லின் முதலில் வல்லொலியாகவும், மெல்லினத்தை அடுத்து வரும்போது அதிர்வொலியாகவும், உயிர்களுக்கிடையே நெகிழ்ந்த ஒலியாகவும் அது மாறுகிறது. எழுத்து தருவது குறிப்பு. ஒலியாக நிறைவு செய்பவர் பேசுகிறவர்.

நம் பண்டை இலக்கணத்தார் இந்த எல்லையை நன்கு உணர்ந்திருந்தனர். ஒலிகள் தம் அளவைக் கடந்து நீண்டு இசைத்தலும் உண்டு; அது யாழ் நூலாருக்கு உரிய செய்தி என்று தொல்காப்பியர் நூன்மரபின் இறுதியில் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். எழுத்திலக்கணம் எதைப் பதிவு செய்யும், எதை இசைநூலுக்கு விட்டுவிடும் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை.

4. அண்ணன் சேர்த்தது என்ன?

தம்பி அனுப்பிய குறிப்புக்கு அண்ணன் ஒலியைச் சேர்த்தார் என்றோம். அந்த ஒலித்தன்மை யாது?

வீணையிலும் நாகசுரத்திலும் ஒரே சுரத்தை, ஒரே உரப்பில், ஒரே கால அளவுக்கு எழுப்புங்கள். இரண்டும் நொடிக்கு 440 அதிர்வுகள் கொண்ட சுரம் என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் குழந்தையும் எது வீணை, எது நாகசுரம் என்று சொல்லிவிடும். ஏன்? ஒவ்வொரு கருவியும் 440 என்னும் அடிப்படை அதிர்வோடு 880, 1320, 1760 என்று மேலொலிகளையும் சேர்த்தே எழுப்புகிறது. எந்த மேலொலி வலுத்து நிற்கிறது, எது அடங்கி நிற்கிறது என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். அதோடு, ஒலி தொடங்கும் முறையும் தேயும் முறையும் வேறுபடும். 1948இல் பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியர் ஷாஃபர், மணியோசையைப் பதிவு செய்து, நாக்கு மணியில் படும் முதற்கணத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கேட்டார். எஞ்சியது மணியோசையாகத் தோன்றவில்லை. ஊதுகருவியின் ஒலி போலாகிவிட்டது. ஒலியின் அடையாளம் அதன் பிறப்பிலேயே எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதற்கு அது சான்றாயிற்று.

பிரையன் ஈனோ கையாள்வது இந்த மூன்றையும்தான்: மேலொலிகளின் சேர்க்கை, தொடக்கம், தேய்வு. மேற்கத்திய இசைக்குழுவின் கருவிகள் கடலில் ஆங்காங்கே நிற்கும் தீவுகளைப் போன்றவை. மின்னணுவியல் வந்த பிறகு அத்தீவுகளுக்கு இடைப்பட்ட பரப்பு முழுவதும் இசைஞனுக்குத் திறந்துவிட்டது என்பது அவர் கருத்து. தீவுகளின் நாடாகிய இந்த வட்டாரத்தில் வாழும் நமக்கு அந்த உவமை எளிதில் விளங்கும்.

மொழியியல் மாணவர்கள் இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். 'ஆ', 'ஈ', 'ஊ' என்னும் மூன்று உயிர்களையும் ஒரே சுருதியில் பாடிப் பாருங்கள். சுரம் மாறவில்லை, உரப்பு மாறவில்லை, கால அளவும் இரண்டு மாத்திரையே. பின் எது மாறுகிறது? மாறுவது ஒலித்தன்மை மட்டுமே. வாயைத் திறப்பதாலும், நாவை முன்னே உயர்த்துவதாலும், இதழைக் குவிப்பதாலும் வாயறையின் வடிவம் மாறி, சில மேலொலிகள் வலுப்பெற்றுச் சில அடங்குகின்றன. தொல்காப்பியப் பிறப்பியல் இந்த மூன்று முயற்சிகளையும் உயிரெழுத்துகளுக்கு முறையே வகுத்துச் சொல்கிறது. ஆகவே, ஈனோ பொறியின் துணையால் செய்வதை, பேசத் தொடங்கும் ஒவ்வொரு குழந்தையும் தன் வாயால் செய்கிறது. நம் உயிர்கள் ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

5. தரமா, நிறமா?

இந்த ஒலித்தன்மைக்குத் தமிழில் என்ன பெயர்? அறிவியல் பாடநூல்களில் உரப்பு, சுருதி ஆகியவற்றோடு சேர்த்து இதனைத் 'தரம்' என்று குறிப்பதைக் காண்கிறோம். ஆங்கிலச் சொல்லின் ஒரு பொருளை அப்படியே பெயர்த்ததன் விளைவு அது. இயற்பியல் வகுப்பில் இதனால் பெரிய கேடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் தமிழில் 'தரம்' என்றதும் உயர்தரம், தாழ்தரம் என்ற ஏற்றத்தாழ்வு தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. வீணையின் தரம் வேறு, நாகசுரத்தின் தரம் வேறு என்றால், எது மேல் என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்விக்கே அங்கு இடமில்லை.

ஜெர்மானியர் இதனை 'ஒலிநிறம்' என்னும் பொருள்பட 'கிளாங்ஃபார்ப' என்பர். நிறங்களுக்கிடையே மேல் கீழ் இல்லை. வேறுபாடு மட்டுமே உண்டு. தமிழிலும் 'ஒலிநிறம்' என்று வழங்குவதே தகும் என்பது என் கருத்து. அது மேலைநாட்டாரிடம் கடன் வாங்கியதாக இருக்க வேண்டியதில்லை; நம் மரபிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

'வண்ணம்' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். நிறத்திற்கும் அதுவே பெயர்; செய்யுளின் ஓசைப் போக்கிற்கும் அதுவே பெயர். வடமொழி மூலச் சொல்லும் நிறம், எழுத்தொலி ஆகிய இரண்டையும் குறிக்கும். தொல்காப்பியச் செய்யுளியல் 20 வண்ணங்களை எண்ணிக் கூறுகிறது. அவற்றுள் சில, சீரின் நடையைச் சார்ந்தவை. ஆனால் வல்லெழுத்து மிகுந்து வருவது வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்து வருவது மெல்லிசை வண்ணம் என்பன, ஒலியின் தன்மையையே அடிப்படையாகக் கொண்டவை. வல்லிசை உயர்ந்தது, மெல்லிசை தாழ்ந்தது என்று இலக்கணம் சொல்லவில்லை.

உரியியலும் இதற்குத் துணைநிற்கிறது. உரிச்சொல் இசை, குறிப்பு, பண்பு ஆகிய மூன்றின் அடியாகத் தோன்றும் என்று தொல்காப்பியர் வகுக்கிறார். குரு, கெழு ஆகிய சொற்கள் நிறத்தைக் குறிக்கும் என்று சொல்லும் அதே இயலில், கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கும் ஆரவாரத்தைக் குறிக்கும் என்றும், துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் ஆகிய நான்கும் ஒலித்தலைக் குறிக்கும் என்றும் சொல்கிறார். ஒலியையும் நிறத்தையும் ஓரிடத்தில் வைத்து ஆராய்ந்த மரபு நம்முடையது.

6. பெயரிடும் கலை

ஈனோ உடன்பிறந்தார் தம் இசைத் துண்டுகளுக்குச் சூட்டிய பெயர்களும் மொழி மாணவர்களின் கவனத்திற்குரியவை. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்ற பொதுப் பெயர்கள் அங்கே இல்லை. 'அல்ட்ராமரின்', 'வெர்டிகிரீஸ்', 'சின்னபார்', 'பர்ன்ட் அம்பர்', 'டீப் சாஃப்ரன்' என்றே பெயர்கள் வருகின்றன. அல்ட்ராமரின் என்றால் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்று பொருள். நீலக்கல்லை அரைத்துச் செய்த அந்த வண்ணப்பொடி கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் சென்றதால் அப்பெயர். வெர்டிகிரீஸ் செம்பில் படியும் பச்சைக் களிம்பு. சின்னபார் சாதிலிங்கம். பர்ன்ட் அம்பர் சுட்ட காவிமண். 'செலஸ்ட்' என்னும் பெயரோ இருபொருள் தருவது: வெளிர்வான நீலத்திற்கும் அது பெயர், மணிபோல் ஒலிக்கும் ஒரு விசைக்கருவிக்கும் அது பெயர். நிறமும் ஒலியும் ஒரே சொல்லில் கூடிய இடம் அது.

நிறத்தை அதற்குரிய பொருளால் பெயரிடுவது தமிழர்க்கும் பழகிய வழக்கம். இங்கே தேக்காவில் ஒரு புடைவைக் கடைக்குச் சென்றால், மயில்கழுத்து, கிளிப்பச்சை, அரக்கு, வாடாமல்லி, மாந்தளிர், வெங்காயச் சருகு என்று எத்தனை நிறப்பெயர்களைக் கேட்கிறோம்! பச்சை என்று பொதுவாகச் சொன்னால் கடைக்காரர் கேள்விக்குமேல் கேள்வி கேட்பார். பொருளைச் சொல்லிவிட்டால் கேள்வி முடிந்தது.

குரலுக்கும் நம் மக்கள் இவ்வாறே பெயரிட்டார்கள். சீர்காழி கோவிந்தராஜனின் குரலை வெண்கலக் குரல் என்றார்கள். கணீர்க்குரல், கரகரத்த குரல், கம்மிய குரல், கட்டைக் குரல், கீச்சுக்குரல், தழுதழுத்த குரல், மழலைக் குரல் என்று எத்தனையோ சொற்கள் வழக்கில் உள்ளன. பாடநூலில் இடம்பெறாத சொல்வளம் இது. மாணவர் பலர் இவற்றுள் இரண்டு மூன்றையே அறிவர். பெயர் தெரியாத நிறத்தைக் கண் எளிதில் கடந்துவிடுவதுபோல், பெயர் தெரியாத ஒலிநிறத்தைச் செவியும் கடந்துவிடும்.

7. வகுப்பறைக்கு வருவோம்

இதுவரை சொன்னவற்றின் பயன் வகுப்பறையில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் முறையான இடம் கிடைத்தது. அது நல்ல மாற்றம். ஆனால் பேச்சுக்கு இடம் தந்ததோடு, பேச்சை எப்படிக் கேட்பது என்ற பயிற்சியையும் நாம் பெற வேண்டியிருக்கிறது. இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் பலர் வீட்டில் ஆங்கிலமே மிகுதியாகப் பேசுபவர்கள். தமிழில் வாய்திறக்கும்போது அவர்கள் ஒலிப்பில் வேற்றுச்சாயல் இருக்கும். தோட்டப்புறத்திலிருந்து வந்த தாத்தாவின் சாயல் ஒரு பிள்ளையிடம் இருக்கும். அண்மையில் தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் வட்டாரச் சாயல் மற்றொரு பிள்ளையிடம் இருக்கும். 'உச்சரிப்பு சரியில்லை' என்ற ஒரே தீர்ப்பை இவர்கள் எல்லோர்மீதும் நாம் வைத்துவிடுகிறோம். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை வாய்திறப்பதில்லை. தமிழில் பேசாத பிள்ளையை விட, தமிழில் பேசத் தொடங்கி நிறுத்திக்கொண்ட பிள்ளையே நமக்குப் பேரிழப்பு.

இங்கே ஈனோ உடன்பிறந்தாரின் வேலைப் பங்கீடு நமக்கு வழிகாட்டும். ஒலிப்பைக் கேட்கும்போது ஆசிரியர் தமக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்: இது தம்பியின் பங்கா, அண்ணனின் பங்கா? அதாவது, இது சுரத்தைச் சார்ந்ததா, நிறத்தைச் சார்ந்ததா?

'வால்', 'வாள்', 'வாழ்' ஆகிய மூன்றும் மூன்று சொற்கள். லகர ளகர ழகரங்களை ஒரு பிள்ளை ஒன்றாகவே ஒலித்தால் பொருள் கெடும். அது தவறான விசையை அழுத்தியதற்கு ஒப்பு. 'பனி' என்பதைப் 'பணி' என்று சொன்னாலும் அப்படியே. குறில் நெடில் மயங்கிப் 'படம்' என்பதைப் 'பாடம்' என்றாலும் அப்படியே. இவற்றை ஆசிரியர் திருத்தியே ஆக வேண்டும். பொறுமையாக, மீண்டும் மீண்டும் திருத்த வேண்டும். இதில் தளர்ச்சி கூடாது. ஒலிநிறத்தைப் போற்றுகிறோம் என்பதற்காகச் சுரத்தைக் கைவிட முடியாது. பிரையன் சேர்த்த நிறம் எவ்வளவு புதுமையாக இருப்பினும், அதைத் தாங்கி நிற்பது ரோஜர் தெளிவாக வாசித்த சுரங்களே.

ஆனால் ழகரத்தைச் சரியாக ஒலிக்கும் ஒரு பிள்ளையின் குரல் மூக்கடைத்தாற்போல் இருக்கிறது, ஆங்கிலம் பேசும் மெட்டில் தமிழ் வருகிறது, கொங்கு இழுவை இருக்கிறது, வானொலி அறிவிப்பாளரின் கணீர்மை இல்லை என்பனவெல்லாம் நிறத்தைச் சார்ந்தவை. அவற்றைக் குறையென்று சொல்ல நமக்கு இலக்கணச் சான்று எதுவும் இல்லை. இடையில் நிற்பனவும் சில உண்டு என்பதை மறுக்கவில்லை. 'வந்தான்' என்பதைச் சற்று ஏற்றிச் சொன்னால் வினாவாகிவிடுகிறது. அங்கே குரலின் ஏற்றம் பொருளைத் தருவதால் அதுவும் கற்பிக்கத்தக்கது. ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பொருள் மாறுகிறதா? மாறினால் திருத்துங்கள். மாறாவிட்டால் கேளுங்கள்.

இதனை வகுப்பில் பழக்க எளிய வழிகள் உள்ளன. ஒன்று, ஒரே பத்தியை வெவ்வேறு வட்டாரத்தைச் சேர்ந்த நான்கு பேர் படிக்கப் பதிவு செய்து, மாணவரைக் கேட்கச் செய்யலாம். எது சிறந்தது என்று கேட்காமல், ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பெயர் சூட்டச் சொல்லலாம். மயில்கழுத்தும் வாடாமல்லியும் பிறந்தது போல, பிள்ளைகளின் வாயிலிருந்து புதிய குரற்பெயர்கள் பிறக்கும். இரண்டு, வாய்மொழித் தேர்வுப் பயிற்சியின்போது ஆசிரியர் தம் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் சுரப்பிழைகள், மற்றொன்றில் நிறக்குறிப்புகள். மாணவரிடம் திருத்தமாகச் சொல்ல வேண்டியது முதற்பத்தியை மட்டுமே. மூன்று, இந்தத் தொகுப்பிலிருந்து ஒரு துண்டை வகுப்பில் ஒலிக்கவிட்டு, அதற்குத் தமிழில் ஒரு நிறப்பெயர் தரச் சொல்லலாம். சொல் இல்லாத இசையாதலால், சொல் தேடும் பொறுப்பு முழுவதும் மாணவரிடமே வந்துவிடும்.

நிறைவாக ஒன்று. 'மிக்சிங் கலர்ஸ்' வெளிவந்த அதே மாதத்தில் உலகின் பெரும்பகுதி கதவடைத்துக்கொண்டது. நோய்த்தொற்றின் அச்சத்தில் மக்கள் வீடுகளுக்குள் அடங்கினர். அப்போது ஈனோ உடன்பிறந்தார், அவரவர் இருந்த இடத்தில் கண்ட அமைதியான காட்சி ஒன்றைப் படமெடுத்து அனுப்புமாறு கேட்போரை அழைத்தனர். பல நாடுகளிலிருந்து வந்த காட்சிகள் அந்த இசையோடு இணைந்தன. இசை ஒன்றே, பார்த்த கண்கள் பல. அத்தனை காட்சிகளுக்கும் அந்த இசை இடம் கொடுத்தது.

தமிழும் அத்தகைய மொழியே. எழுத்து ஒன்று, அதை ஒலிக்கும் குரல்கள் பல. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அதே எழுத்துகளுக்கு வெவ்வேறு நிறம் ஏறுகிறது. சுரத்தைக் காப்பது ஆசிரியரின் கடமை. நிறத்தைக் கேட்டறிவதும் அதே அளவுக்கு அவர் கடமையாகட்டும். நாளைக் காலை உங்கள் வகுப்பில் தயங்கித் தயங்கி ஒரு பிள்ளை தமிழில் பேசத் தொடங்கினால், முதலில் அந்தக் குரலின் நிறத்தைக் கேளுங்கள். திருத்தம் அதன் பிறகு வரட்டும்.